அரை லிட்டருக்குக் குறைந்தவை

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வருகிறவர்கள் இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிறுநீர்க் கேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் மாதிரி சேகரிப்பை மேற்பார்வையிட ஆள் தேடினார்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இல்லாத வயல் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது, அதைத் தடுக்க வழி உண்டா என்பதே அவர்களுடைய ஆய்வு. நான் சேர்ந்துகொண்டேன். பிறருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் ஐஸ் பெட்டியில் சுமந்து, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் "உள்ள என்ன, மீனா?" என்று கேட்கும்போது விழித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களை நம்பியே எழுதுகிறேன்.

விலகிக்கொள்ளும் உரிமை

எதையும் தொடங்குமுன் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். ஏழு பக்க ஆங்கிலப் படிவத்தை நானே தமிழாக்கியிருந்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை என்னும் பெருமிதமும் எனக்கு இருந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில், வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்களை உட்காரவைத்து வாசித்தேன். "பங்கேற்பாளர் எவ்வேளையிலும் எக்காரணமும் கூறாமல் இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்" என்னும் வாக்கியம் படிவத்தில் மூன்று இடங்களில் வரும். மூன்று இடங்களிலும் நிறுத்தி, அழுத்தி வாசித்தேன்.

முன்வரிசையில் இருந்தவர் பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நடவானாலும் களையெடுப்பானாலும் பதினைந்து பெண்களைத் திரட்டி அழைத்துப் போகிறவர் அவர்தான். அவர் கையொப்பமிட்டால் மற்றவர்களும் இடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெலகிக்கலாம், வெலகிக்கலாம்னு மூணு தடவ வாசிச்சிட்டிய. எங்கள வரச் சொல்லுதியளா, போகச் சொல்லுதியளா டீச்சர்?"

நல்ல கேன்

காலையில் எழுந்ததும் முதலில் கழிப்பதை விட்டுவிட வேண்டும். அதன்பின் மறுநாள் காலை முதலில் கழிப்பது வரையில், வயலில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும், அனைத்தையும் கேனில் சேர்க்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சொல்வது எளிது. வயர் கூடைக்குள் கேனை வைத்து, மேலே வாழையிலை போட்டு மூடி, "சோத்துக் கூடைதான்" என்று வழியில் கேட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு அந்தப் பெண்கள் வயலுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தையும் மீறி எங்களுக்காக அவர்கள் செய்தார்கள். எனக்கு யாராவது அப்படி ஒரு கேனைக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் கேன்களை வாங்க எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் மைதீன் வந்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர், இருபது ஆண்டுகளாக மாதிரிகளைக் கையாள்பவர், எதற்கும் முகம் சுளிக்காதவர். அவரே ஒரு கேனை வாங்கிவிட்டு இரண்டடி பின்வாங்கினார். அது பூச்சிமருந்து வந்த பழைய கேன். நாங்கள் கொடுத்த வெள்ளைக் கேன் எங்கே என்று அந்த அம்மாளிடம் கண்டிப்பாகவே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "அவ்வளவு நல்ல கேன்ல போயி யாராவது ஒண்ணுக்குப் பிடிப்பாவளா டீச்சர்? அதுல நல்லெண்ண ஊத்தி வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பசி

இந்த மாதிரிகளை எல்லாம் நம்பி முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா; கடற்கரையூரில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். ஆய்வுக்கூடத்தில் அவள் சிறுநீரகச் செல்களைக் குடுவைகளில் வளர்த்தாள். அவற்றைச் சூழ்ந்த நீரின் அடர்த்தியை நாள்தோறும் கூட்டி, எந்த வழியாக அவை நலிகின்றன என்று கண்டறிவது ஒரு பாதி. அந்த வழியை மறிக்கும் மருந்துப் பொருளைத் தேடுவது மறுபாதி. குடுவையில் தெரிவது மனிதர்களிடமும் தெரிகிறதா என்பதற்குத்தான் எங்கள் கேன்கள். போதுமான பெண்களின் மாதிரி சேராவிட்டால் அவளுடைய மூன்றாண்டு உழைப்பு பாதியில் நிற்கும்.

குடுவையில் இருக்கும் செல்லுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை உணவு நீர் மாற்ற வேண்டும். அதற்கு விடுமுறை தெரியாது. மூன்றாண்டில் ஒருமுறைகூட அவள் தவறியதில்லை. ஊர்க்கோயில் திருவிழாவுக்குப் போனவள், தேர் பவனிக்கு நிற்காமல் காலைப் பேருந்தில் திரும்பிவிட்டாள். அவளை விட்டுச் செல்ல வந்த தந்தை, ஆய்வுக்கூட வாசலில் நின்று, மகள் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவதைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "கடலுக்கே நாங்க ஞாயித்துக்கெழம லீவு விட்டுருக்கோம் டீச்சர். இவ குப்பிக்குள்ள கெடக்க செல்லுக்கு மட்டும் கெடையாதாக்கும்?"

சிவப்பு ஒட்டு

ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீர் அரை லிட்டருக்குக் குறைவாக இருந்தால், அது முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று கொண்டு, சிவப்பு ஒட்டு ஒட்டி நீக்கிவிட வேண்டும். இந்த விதியை ஆய்வுத்திட்டத்தில் எழுதியவள் நான். அளவு குறைந்தால் பாதியை வழியில் விட்டுவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கார் பருவ நடவுக் காலத்தில் சேகரித்த கேன்களில் பாதிக்கு மேல் சிவப்பு ஒட்டு விழுந்தது. ஜெசிந்தாவின் முகம் வாடியது. நான் சமுதாயக் கூடத்துக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதாத வகுப்பை விசாரிப்பது போல் விசாரித்தேன்.

பேச்சியம்மாளின் கேனில் கால் பாகம்கூட இல்லை. மறுபடியும் சேர்க்கச் சொன்னேன். மறுமுறையும் அதே அளவு. எங்கே சிந்தியது என்று எல்லார் முன்னிலையிலும் மூன்று முறை கேட்டேன். சிந்தவில்லை என்று மூன்று முறையும் சொன்னார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் பொய் சொல்லும் முகத்தை அறிந்துவிட்டேன் என்னும் நினைப்பு எனக்கு. "உண்மையைச் சொன்னால் நான் கோபப்பட மாட்டேன்" என்றேன். அவர் எழுந்தார். படிவத்தின் தம் பிரதியை மடித்து என் மேசைமீது வைத்தார். எக்காரணமும் கூறாமல் விலகலாம் என்று நான் அழுத்தி வாசித்த உரிமையை அவர் பயன்படுத்திக்கொண்டார், ஆனால் காரணத்தைக் கூறிவிட்டே போனார்: "நான் ஒரு சொட்டு சிந்தல டீச்சர். நீங்க கேனத்தான் பாக்கிய, என் மொகத்தப் பாக்க மாட்டுக்கிய."

ஃப்ரீசரின் கீழ்த்தட்டு

அவரோடு அவருடைய பதினைந்து பெண்களும் போனார்கள். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. முதல் இரத்தப் பரிசோதனையிலேயே பேச்சியம்மாளின் சிறுநீரகம் தளரத் தொடங்கியிருப்பது தெரிந்திருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தோம். அவர் விலகியதால் அந்தக் கண்காணிப்பும் நின்றது.

நீக்கப்பட்ட மாதிரிகளை அழித்ததற்குக் கையொப்பம் வாங்க மைதீனிடம் பதிவேட்டைக் கேட்டேன். அவர் பதிவேட்டைத் தரவில்லை, ஃப்ரீசரைத் திறந்தார். கீழ்த்தட்டில் சிவப்பு ஒட்டு ஒட்டிய சிறு குழாய்கள் வரிசையாக நின்றன. பேச்சியம்மாளுடையது உட்பட ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு குழாய் எடுத்து, பெயருக்குரிய எண்ணும் கேனின் மொத்த அளவும் எழுதி, உறையவைத்திருந்தார். விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டேன். அந்தக் குரலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் ஃப்ரீசர் கதவைப் பைய மூடிவிட்டுச் சொன்னார்: "ஒரு மனுசி நம்பித் தந்தது அமானிதம் டீச்சரம்மா. வேண்டாம்னு நீங்க எழுதலாம், நான் எப்படிக் கொட்டுவேன்?"

வேதியியல் ஆசிரியையின் பாடம்

குழாய்களைக் கண்டதும் ஜெசிந்தா கையுறையை எடுத்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். நம் தசைகள் நாள்தோறும் கிரியேட்டினின் என்னும் கழிவை ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேற்றுகின்றன. ஒருவர் நிறையத் தண்ணீர் குடித்தாலும் குறைவாகக் குடித்தாலும் ஒரு நாளின் மொத்தம் பெரிதாக மாறாது. ஆகவே கேனில் பாதியைச் சிந்தியிருந்தால் அந்தக் கழிவும் பாதியாகத்தான் இருக்கும். இதை எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதி விளக்கியவள் நான். அளந்து பார்க்குமுன்பே நீக்கிவிடு என்று விதி எழுதியவளும் நானே.

இரண்டு நாள் அளந்தாள். முடிவைத் தாளில் எழுதி என் முன் வைத்தாள். சிவப்பு ஒட்டு விழுந்த ஒவ்வொன்றிலும், ஒன்றிரண்டைத் தவிர, அந்தக் கழிவு முழு அளவில் இருந்தது. பேச்சியம்மாளின் இரண்டு கேன்களிலும் இருந்தது. அவள் என்மீது பழி சொல்லியிருக்கலாம். சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. "அவங்க ஒண்ணும் சிந்தல மேடம். நாமதான் கேனப் பெருசா வாங்கிட்டோம்" என்றாள்.

முழங்கால் அளவு

மன்னிப்பைத் தொலைபேசியில் கேட்பது முறையல்ல. மறுநாள் காலை வயலுக்கே போனேன். வரப்பில் என் செருப்பு வழுக்குவதைக் கண்டு, நடவில் நின்ற ஒருத்தி குரல் கொடுத்தாள்: "ஏட்டி, டீச்சருக்குக் கை குடுங்கட்டி, நாத்தோட நாத்தா நட்டுக்கிடப் போறாவ!" சிரிப்பு அடங்கிய பின் பேச்சியம்மாளிடம், எல்லார் காதிலும் விழும்படி, நான் கேட்டது தவறு, அவர் சொன்னது உண்மை என்றேன். எல்லார் முன்னிலையிலும் செய்த தவற்றை எல்லார் முன்னிலையிலும்தான் திருத்த வேண்டும். அவர் நிமிரவில்லை, நாற்றை நட்டுக்கொண்டே, "சரி" என்றார்.

ஏன் இவ்வளவு குறைவாகப் போகிறது என்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அப்போதுதான் கேட்டேன். விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் வெயில் சாயும் வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை என்று தெரிந்தது. அவர்களுடைய கால்களைச் சுற்றித் தாமிரபரணித் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. பேச்சியம்மாள் அப்போது நிமிர்ந்தார். ஒரு பக்கம் பேருந்து ஓடும் சாலை. மறுபக்கம் டிராக்டர் ஓட்டுகிற ஆண்கள். இடையில் ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. நாற்று முடியைப் பிடித்த கையால் அந்த வெளியைச் சுற்றிக் காட்டினார். "தண்ணிக்குள்ளதான் நிக்கோம் டீச்சர். குடிச்சா, எங்கன போயி ஒதுங்க?"

என்னுடைய கேன்

ஆய்வுக்குத் திரும்பி வருவதற்குப் பேச்சியம்மாள் ஒரு நிபந்தனை விதித்தார். விதி எழுதியவர் ஒரு நாள் தம்முடன் வயலில் இருந்து, தாமும் கேன் பிடிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய வயதில் என்னால் நாற்று நட முடியாது; வரப்பில் குடையுடன் உட்கார அனுமதித்தார். வெள்ளைக் கேனை வாழையிலை போட்டு மூடிக் கூடையில் கொண்டுபோனேன். ஒன்பது மணிக்குத் தாகம் எடுத்தது. பையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. சாலையைப் பார்த்தேன், டிராக்டரைப் பார்த்தேன், புட்டியைத் திறக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் என் கேனை மைதீன் அளவுப் பாத்திரத்தில் ஊற்றினார். மட்டம் அரை லிட்டர்க் கோட்டைத் தொடவில்லை. அவர் மேசையில் இருந்த சிவப்பு ஒட்டுகளை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். தம் மாதிரியைக் கொடுக்க வந்து நின்ற பேச்சியம்மாளுக்கு அந்த நாகரிகமெல்லாம் தேவைப்படவில்லை. கோட்டுக்கு நேராகக் குனிந்து பார்த்தார். "கோவிச்சிக்கிடாதிய டீச்சர், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். வழியில எங்கயும் சிந்திட்டியளோ?"

கூடாரம்

அரை லிட்டர் விதி நீக்கப்பட்டது. பதினைந்து பெண்களும் திரும்பினார்கள். எந்தெந்தப் பெண்களின் சிறுநீர் நாள் முழுவதும் அடர்ந்திருந்ததோ, அவர்களிடம்தான் சிறுநீரகத் தளர்ச்சியின் அறிகுறிகளும் பெரும்பாலும் தெரிந்தன. ஜெசிந்தாவின் குடுவைகள் காட்டிய கதையும் அதுவே. இத்தனை நாள் நாங்கள் குறைபாடு என்று ஒதுக்கி வைத்ததே நாங்கள் தேடிய விடையின் பாதி. மருந்து குடுவையைவிட்டு வெளியே வர இன்னும் ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை வயலில் என்ன செய்யலாம் என்று யோசித்தோம். நான்கு கம்பு, சுற்றிலும் தார்ப்பாய், உள்ளே ஓர் இருக்கை, குழி, வாசலில் கை கழுவத் தண்ணீர், பக்கத்தில் குடிநீர்ப் பானை. நடவு எந்த வயலோ அந்த வயலுக்கு லோடு ஆட்டோவில் போகும் கூடாரம். வரைபடம் மைதீனுடையது, தார்ப்பாயின் நிறத்தைப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள், வெளியிலிருந்து நிழல்கூடத் தெரியாத கறுப்பு.

திட்டத்தை மதிப்பிட வந்த குழுவில் ஒருவர், செல்லும் மூலக்கூறும் பற்றிய ஆய்வில் இந்தத் தார்ப்பாய் வேலை எதற்கு என்று கேட்டார். ஆய்வை நடத்தும் எங்கள் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். நான் நீண்ட பதிலொன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். இருவருக்கும் இடம் கொடுக்காமல் ஜெசிந்தாவே எழுந்தாள். "குடுவையில அடர்த்தியக் கொறைக்க நான் தண்ணி ஊத்துதேன் சார். வயல்ல அதே தண்ணிய ஊத்தணும்னா, இந்தத் தார்ப்பாய் வேணும்."

அவையில் ஒரு கேள்வி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். தேர்வாளர்கள் கேட்டு முடித்த பின், அவையோரும் கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். அது ஒரு சடங்கு, யாரும் கேட்பதில்லை, அடுத்த அறையில் வடையும் தேநீரும் காத்திருக்கும். ஜெசிந்தாவின் தேர்வன்று பின்வரிசையில் பேச்சியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் பேருந்து பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பு வந்ததும் பேச்சியம்மாள் எழுந்து நின்றார். அவை திரும்பிப் பார்த்தது. "எனக்குக் கிட்னி கொஞ்சம் போயிருக்குன்னு சொன்னிய. அது திரும்பி வருமாம்மா?" என்று கேட்டார்.

அன்றைய கேள்விகளில் கடினமானது அதுதான். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று எனக்கு அச்சம். சான்றில்லாத ஆறுதலைச் சொல்ல நாங்கள் அவளுக்குக் கற்பிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கி அவர் அருகே போனாள். "போனது வராதுக்கா. ஆனா இந்த ஒரு வருசமா ஒங்க ரத்தத்துல அந்தக் கழிவு அதுக்கு மேல கூடல. ஒங்களுக்கு அது அப்படியே நிக்கி. எவ்வளவு நாளு நிக்கும்னு எனக்குத் தெரியாது, பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை.

பேச்சியம்மாள் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "அப்பம் இருக்கத வச்சி ஓட்டிக்கிடுதேன். அந்தக் கூடாரத்த அடுத்த ஊரு வயலுக்கும் அனுப்பி விடுங்க, அங்கன என் தங்கச்சி நிக்கா."

வாழ்நாள் முழுவதும் அளக்கும் தொழிலில் இருந்தவள் நான்; பொய் சொல்கிறவர் யார் என்பதை மட்டும் அளக்காமலேயே முடிவு செய்திருக்கிறேன்.